என் மெஷின்ல வருது

இல்லீங்க, அந்த ஜன்னல் எறங்காது. நானும் சத்தியில ஏறுனதுல இருந்து இழுத்துப் பாத்துட்டேன். இப்படி உள்ள தள்ளி உக்காருங்க, காத்து அடிக்காது.

ஆமாங்க, லேப்டாப்தான். கம்ப்யூட்டர் வேலை. வேலைங்கறது இருந்துச்சு, போன மாசம் வரைக்கும். பதினாலு வருஷ அனுபவம், அதுல ஒம்பது வருஷம் ஒரே ஆபீஸ், பீளமேட்டுல. இப்ப இல்ல. ஏன்னு கேக்க மாட்டீங்க, மரியாதைக்கு. நானே சொல்லிடறேன். உண்மையச் சொன்னதுக்கு வெளிய அனுப்பிட்டாங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான்.

என் பேரு கோகிலவாணிங்க. எங்க வீட்டுக்காரரு, "இதை ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாத"ங்கறாரு. ஏனுங்க சொல்லக்கூடாது? திருடுனேனா? ஏமாத்துனேனா? அஞ்சு பேருக்கு லீடா இருந்தவ நானுங்க. அஞ்சுல மூணு ஆம்பளைங்க. ஒரு பொம்பளை சொல்லி நாம கேக்கறதான்னு மூஞ்சிய வெச்சுக்குவாங்க. அதையெல்லாம் மேச்சுட்டுத்தான் இருந்தேன்.

நாங்க செய்யறது வெப்சைட்டுங்க. காலேஜுக்கு, மில்லுக்கு, நகைக்கடைக்கு. பிஹெச்பின்னு ஒண்ணு, அதுல ஒரு ஃப்ரேம்வொர்க். அது உங்களுக்கு வேண்டாம். ஒரே ஒரு விஷயம் மட்டும் தெரிஞ்சா போதும். சைட்டுல ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு அச்சு வெச்சிருப்போம். கல்யாணப் பத்திரிகை அடிக்கறவங்க வெச்சிருப்பாங்கல்ல, பேரும் தேதியும் மட்டும் மாத்திக்குவாங்க, அந்த மாதிரி. அதுக்குப் பேரு டெம்ப்ளேட். ஒவ்வொரு டெம்ப்ளேட்டும் ஒரு ஃபைல். "இந்தப் பேருல இருக்கற ஃபைலை எடுத்துக் காட்டு"ன்னு புரோகிராம்ல எழுதியிருப்போம். அது போய் எடுத்துக் காட்டும். அவ்வளவுதான். இதுல என்ன தப்பு வந்துரும்னு நெனப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

ஒரு டிரஸ்ட் நடத்தற டயாலிசிஸ் சென்டர்ல இருந்து வேலை வந்துச்சு. ஊர் பேரு வேண்டாங்க. கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு ரத்தம் சுத்தம் பண்றது தெரியுமில்ல? வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை போய்ப் படுக்கணும். அங்க ஆறு பெட்டு, ஒரு நாளைக்கு மூணு ஷிஃப்டு. அதுவரைக்கும் நோட்டுல பேர் எழுதித்தான் முறை குடுத்துட்டு இருந்தாங்க. ஸ்டெல்லா சிஸ்டர்னு ஒரு அம்மா, அவங்கதான் சென்டரைப் பாத்துக்கறது. காலைல அஞ்சு மணிக்கே வந்து வரிசையில நிக்கறாங்க, நடக்க முடியாதவங்க கூட நிக்கறாங்க, வீட்டுல இருந்தே முறை போட்டுக்கற மாதிரி சைட்டு செஞ்சு குடுங்கன்னாங்க.

செஞ்சேன். மனசார செஞ்சேங்க. எழுத்தெல்லாம் பெருசா, தமிழ்ல, வயசானவங்களுக்குப் புரியற மாதிரி. நாளைத் தொடு, நேரத்தைத் தொடு, பேரைப் போடு, முடிஞ்சுது. கடைசியில ஒரு பக்கம் வரும்: "உங்கள் முறை பதிவாகிவிட்டது. நன்றி." அந்தப் பக்கத்து ஃபைலுக்குத் தேங்க்ஸ்னு பேர் வெச்சேன், இங்கிலீஷ்ல. இடையில எங்கயாவது கோளாறு ஆச்சுன்னா காட்டறதுக்கும் ஒரு பக்கம் எழுதினேன். மத்தவங்க செய்யற சைட்டுல பாருங்க, கோளாறுன்னா புரியாத நம்பரைக் காட்டி விட்டுருவாங்க. நான் தன்மையா எழுதினேன்: "சிரமத்திற்கு வருந்துகிறோம். தயவுசெய்து மறுபடியும் முயற்சி செய்யுங்கள்."

திங்கட்கெழமை காலைல ஆறு மணிக்கு சைட்டைத் திறந்து விட்டோம். எட்டு மணிக்கு ஸ்டெல்லா சிஸ்டர் போன். "மேடம், வாரம் பூரா இடம் நெறஞ்சு போச்சுன்னு காட்டுது."

"நல்லதுதானுங்க சிஸ்டர். எல்லாரும் போட்டுட்டாங்க"ன்னேன்.

"எல்லாரும் இல்ல மேடம். லிஸ்டைப் பாத்தா சென்னியப்பன், சென்னியப்பன், சென்னியப்பன்னு பதினோரு சென்னியப்பன் இருக்காரு. எங்ககிட்ட ஒரு சென்னியப்பன்தான் இருக்காரு."

அந்த மனுசன் பதினோரு தடவை போட்டிருக்காரு. ஏன்? ஒவ்வொரு தடவையும் கடைசிப் பக்கம் வரல. கோளாறுப் பக்கம் வந்திருக்குது. மறுபடியும் முயற்சி செய்யுங்கள்னு சொன்னா மனுசன் முயற்சி செய்வாருல்ல? செஞ்சிருக்காரு. அவரு மட்டுமில்ல, மத்தவங்களும் நாலு தடவை, அஞ்சு தடவை. ஆனா உள்ள என்ன ஆயிருக்குதுன்னா, ஒவ்வொரு தடவையும் முறை பதிவாயிருச்சு. பதிவாயிருச்சுன்னு சொல்ற பக்கம் மட்டுந்தான் வரல. வேலை நடந்துருச்சு, நடந்துச்சுன்னு சொல்ல ஆளில்ல. அதனால முன்னாடி போனவங்க பேரே எல்லா இடத்தையும் அடைச்சிருச்சு, பின்னாடி வந்தவங்களுக்கு இடமில்ல.

சர்வர்ல, அதாவது சைட்டு ஓடற பெரிய கம்ப்யூட்டர்ல, போய்ப் பாத்தேன். அங்க ஒரு வரி எழுதி வெச்சிருக்குது: தேங்க்ஸ்ங்கற டெம்ப்ளேட்டைக் காணோம்.

காணோமா? ஃபோல்டரைத் திறந்து பாக்கறேன், இருக்குது. கண்ணு முன்னாடி இருக்குது! என் மெஷின்ல ஓட்டிப் பாக்கறேன், அழகா வருது. "உங்கள் முறை பதிவாகிவிட்டது. நன்றி." பச்சைக் கலர்ல ஒரு டிக் வேற. சர்வர்ல மட்டும் காணோம் காணோம்னு ஒரே பிடிவாதம்.

என்னென்ன பண்ணுனேன்னு கேளுங்க. பழசை ஞாபகம் வெச்சுக்கற கேஷ்னு ஒண்ணு இருக்கும், அதைச் சுத்தமாத் தொடச்சேன். ஃபைலைப் படிக்க சர்வருக்கு அனுமதி இருக்குதான்னு பாத்தேன், இருந்துச்சு. அழிச்சுட்டுத் திரும்ப ஏத்துனேன். ஃபோல்டர் பாதையை ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பாத்தேன். சர்வரை நிறுத்தி எழுப்புனேன். சர்வர் கம்பெனிக்காரங்களுக்குப் போன் போட்டு, "உங்க மெஷின்ல ஏதோ கோளாறு, எங்க ஃபைலை முழுங்குது"ன்னு அரை மணி நேரம் சண்டை போட்டேன். அவன் பொறுமையா, "மேடம், ஃபைல் பேரை ஒருக்கா சரி பாருங்க"ங்கறான். எனக்கு வந்துச்சே கோவம். பதினாலு வருஷம் இதே வேலையச் செய்யறவகிட்ட பேரைச் சரி பாருன்னா? "என் மெஷின்ல வருதுங்க"ன்னு சொல்லிப் போனை வெச்சுட்டேன்.

திங்கள் போச்சு, செவ்வாய் போச்சு. பக்கம் சரியாகாம பேரை அழிச்சா மறுபடியும் அதேதான் ஆகும்னு லிஸ்டைத் தொடல. டீம்ல எல்லாரும் ஆளுக்கொரு யோசனை. நஸ்ரின்னு ஒரு பொண்ணு, டெஸ்டிங் பண்றவ, ஆறு மாசமா எனக்கு அடுத்த சீட்டு. அந்த வாரம் அவளை வேற வேலைக்கு மாத்தியிருந்தாங்க. இருந்தாலும் எந்திரிச்சு வந்து என் சேர் பக்கத்துல நின்னா. "மேடம், அந்தக் கடைசிப் பக்கம்..."னு ஆரம்பிச்சா. "இப்ப வேண்டாம் கண்ணு, தலை போற வேலையில இருக்கேன்"னேன். தன்மையாத்தான் சொன்னேன். செவ்வாய்க்கெழமையும் வந்து நின்னா. அன்னைக்கு நான் போன்ல இருந்தேன், கையைக் காட்டுனேன், போயிட்டா. தலைக்கு மேல வேலை இருக்கறப்ப யாரா இருந்தாலும் அப்படித்தானுங்க பண்ணுவாங்க.

புதன்கெழமை காலைல ஸ்டெல்லா சிஸ்டர் போன்ல சத்தமே இல்லாமப் பேசுனாங்க. இதை முதல்லயே சொல்லிடறேன், அந்தம்மா பொழச்சுக்கிட்டாங்க. பழனியம்மான்னு ஒருத்தங்க. திங்களும் செவ்வாயும் மருமக போன்ல பாத்திருக்காங்க, இடமில்லன்னே காட்டியிருக்குது. சென்டருக்குப் போன் போட்டா எந்நேரமும் பிஸி. சரி, நமக்கு இந்த வாரம் முறை இல்லையாட்ட இருக்குதுன்னு வீட்டுலயே இருந்துட்டாங்க. புதன்கெழமை விடியறப்ப மூச்சு விட முடியல. நுரையீரல்ல தண்ணி சேந்துருச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல கொண்டு போனாங்க. மூணு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்துட்டாங்க. நல்லா இருக்காங்க. நான் விசாரிச்சேன். ரெண்டு தடவை விசாரிச்சேன்.

அன்னைக்கு அந்த ஃபோல்டரைத் திறந்து வெச்சுட்டு அந்தப் பேரையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. நஸ்ரின் டிஃபன் பாக்ஸைக் கையில வெச்சுட்டே வந்தா. இந்தத் தடவை ஒண்ணும் பேசல. என் ஸ்க்ரீன் மேல விரலை வெச்சா.

"மேடம், இங்க பெரிய டி. புரோகிராம்ல சின்ன டி."

அவ்வளவுதாங்க. ஃபைல் பேருல முதல் எழுத்தைப் பெரிய எழுத்தா போட்டிருக்குது. தேங்க்ஸை எடுத்துட்டு வான்னு சொல்ற எடத்துல சின்ன எழுத்துல எழுதியிருக்குது. என் மெஷின் விண்டோஸ். அதுக்குப் பெரிய டியும் ஒண்ணுதான், சின்ன டியும் ஒண்ணுதான். எது கேட்டாலும் எடுத்துக் குடுத்துரும். சர்வர் லினக்ஸ். அதுக்கு ரெண்டும் வேற வேற ஆளு. சின்ன டியைக் கேட்டா சின்ன டிதான் வேணும், இல்லைன்னா காணோம்னு சொல்லிரும். அது சரியாத்தான் சொல்லியிருக்குது.

ரெண்டையும் எழுதுனது யாருன்னு கேக்கறீங்களா? நான்தான். மறைக்கலையே. இது எனக்குத் தெரியாதான்னா, தெரியும். காலேஜ் பசங்களுக்கே தெரியும். தெரிஞ்ச விஷயந்தானுங்க கண்ணுக்குப் படாது. தெரியாத விஷயத்தையா போய்த் தேடுவோம்?

ஒரு எழுத்தை மாத்துனேன். சைட்டு ஓடுச்சு. சென்னியப்பனோட பத்துப் பதிவை நானே கையால அழிச்சேன்.

வெள்ளிக்கெழமை மீட்டிங். எங்க முதலாளி தனபால் சார், ஸ்டெல்லா சிஸ்டர், டிரஸ்ட்ல இருந்து ஒரு பெரியவரு, நான், எங்க டீம். என்ன நடந்துச்சுன்னு நான் விளக்குனேன். விண்டோஸ், லினக்ஸ் எல்லாம் போர்டுல எழுதி. அந்தப் பெரியவரு குறுக்க, "இதை முன்னாடியே யாரும் போட்டுப் பாக்கலையா?"ன்னாரு. தனபால் சார் உடனே என் பக்கம் திரும்பி, "டெஸ்டிங் பண்ணுனது யாரு?"ன்னாரு.

"நஸ்ரின்"னேன்.

பேரைத்தானுங்க சொன்னேன். கேட்ட கேள்விக்குப் பதில். டெஸ்டிங் பண்ணுனது அவதானே? அது பொய்யா? அவ சரியாப் பண்ணலன்னு நான் ஒரு வார்த்தை சொல்லல. யாரை வேணா கேட்டுப் பாருங்க.

நஸ்ரின் என்னைப் பாத்தா. ஏதோ சொல்லப் போறான்னு நெனச்சேன். சொல்லல. திங்கட்கெழமை அவ சீட்டு காலி. இன்னும் வேலை உறுதி ஆகாதவ, ஒரே போன்ல "வர வேண்டாம்"னுட்டாங்களாம். அவ மேசையில ஒரு சின்னப் பூச்செடி வெச்சிருந்தா, அதைக் கூட எடுத்துட்டுப் போகல. நான்தான் தண்ணி ஊத்துனேன்.

எனக்கும் மனசு கேக்கலதாங்க. ஆனா முடிவு எடுத்தது தனபால் சார். நானா எடுத்தேன்?

ரெண்டு வாரம் கழிச்சு, பழைய டிக்கெட்டெல்லாம் ஒழுங்கு பண்ணிட்டு இருந்தேன். டிக்கெட்டுன்னா இந்த பஸ் டிக்கெட் இல்லீங்க. ஒரு வேலையில குறை இருந்தா எழுதிப் போடறதுக்கு ஒரு பட்டியல், அதுல ஒவ்வொரு குறையும் ஒரு டிக்கெட். சரி பண்ணுனா மூடிருவோம். டயாலிசிஸ் சைட்டுல மூடுன டிக்கெட் நாப்பத்தி மூணு. ஒவ்வொண்ணா படிச்சுட்டே வந்தேன். இருபத்தெட்டாவது டிக்கெட், போட்டது நஸ்ரின். சைட்டைத் திறக்கறதுக்கு மூணு வாரம் முன்னாடி தேதி. எனக்கு வரி வரியா மனப்பாடம்: "சோதனை சர்வரில் கடைசிப் பக்கம் வரவில்லை. டெம்ப்ளேட் காணோம் என்கிறது. ஃபைல் பெயரில் பெரிய எழுத்து இருக்கிறது, அதனால் இருக்குமோ என்று பார்க்கவும்."

கீழ பதில்: "என் மெஷின்ல வருது." மூடியது, கோகிலவாணி.

எனக்கு அது ஞாபகமே இல்லீங்க. சத்தியமா இல்ல. ஒரு நாளைக்கு முப்பது டிக்கெட் வரும். எதை மூடுனேன், எதைத் திறந்தேன்னு எல்லாம் மண்டையில நிக்குமா?

சீட்டுல உக்கார முடியல. நேரா தனபால் சார் ரூமுக்குப் போனேன். லேப்டாப்பைத் திறந்து முன்னாடி வெச்சேன். படிச்சாரு. மூடி என் பக்கம் தள்ளுனாரு.

"கோகிலா, இது முடிஞ்சு போன விஷயம். டிரஸ்ட்காரங்க சமாதானம் ஆயிட்டாங்க. அந்தப் பொண்ணு போயிருச்சு. இப்பப் போய் எதுக்குக் கிளறணும்?"

"அவ சொல்லியிருக்கா சார்."

"சொல்லியிருக்கட்டும். உங்களுக்குத்தான் நல்லது பண்றேன். பேசாமப் போய் வேலையப் பாருங்க."

எனக்கு நல்லது பண்றாராம்! அப்பத்தாங்க எனக்குச் சுருக்குன்னுச்சு. எனக்கு எவரும் இப்படி நல்லது பண்ண வேண்டாம். தப்புப் பண்ணுனா பண்ணுனேன்னு சொல்லத் தெரியாதா எனக்கு? ஒளிச்சு வெச்சுக் காப்பாத்தற அளவுக்கு நான் என்ன கொறஞ்சு போயிட்டேன்?

சீட்டுக்கு வந்து ஸ்டெல்லா சிஸ்டருக்கு மெயில் எழுதுனேன். முதல்ல ஒன்றரைப் பக்கம் வந்துச்சு. லினக்ஸைப் பத்தியே முக்கால் பக்கம். படிச்சுப் பாத்தேன், எனக்கே எரிச்சலா இருந்துச்சு. அழிச்சுட்டு மூணு வரி எழுதுனேன். "தவறு என்னுடையது. நஸ்ரின் மூன்று வாரம் முன்பே எழுதிக் காட்டியிருந்தார். நான் பார்க்காமல் மூடிவிட்டேன்." டிக்கெட்டைப் படமெடுத்துக் கூடவே வெச்சேன். தனபால் சாருக்கும் ஒரு காப்பி.

அஞ்சு நிமிஷத்துல ரூமுக்குக் கூப்பிட்டாரு. "நீங்க கெளம்பலாம் கோகிலா"ன்னாரு. "நானே கெளம்பறேன் சார்"னேன். ஒம்பது வருஷம், ஒம்பது நிமிஷத்துல பையைக் கட்டிட்டு வந்துட்டேன். பூச்செடியையும் எடுத்துட்டு வந்தேன். படியில எறங்கறப்ப டீம்ல ஒருத்தனும் வந்து ஒரு வார்த்தை பேசல. அந்த மூணு ஆம்பளைங்களும் மானிட்டருக்குள்ள தலையை விட்டுட்டு உக்காந்திருந்தானுங்க. பேசாட்டிப் போறானுங்க.

வீட்டுல இவரு, "உனக்கு எதுக்கு இந்த வீம்பு"ன்னாரு. வீம்பா இது? நீங்க சொல்லுங்க. இருங்க, முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

ரெண்டு நாள் கழிச்சு ஸ்டெல்லா சிஸ்டர் பதில் போட்டாங்க. பாராட்டுவாங்கன்னு பாத்தேன். உண்மையச் சொல்லியிருக்கேன், வேலையே போயிருச்சு, ஒரு வார்த்தை நல்லா எழுதுவாங்கன்னு. ஒரே வரிதான் எழுதியிருந்தாங்க. "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா, என்ன பண்றா?"

எனக்குத் தெரியலீங்க. ஆறு மாசம் பக்கத்து சீட்டு. சொந்த ஊரு எதுன்னு தெரியல. வீட்டுல யார் யாரு இருக்காங்கன்னு தெரியல. அவ என்னைக் கேட்டிருக்கா, எங்க வீட்டுக்காரரு பேரு, பாப்பா எந்த ஸ்கூலு, எல்லாம். நான் ஒண்ணும் கேட்டதில்ல போலிருக்குது. ஆபீஸ்ல இருந்த வரைக்கும் நமக்கு எங்கங்க நேரம்? ஆபீஸ்ல கணக்குப் பாக்கற அம்மாகிட்ட கெஞ்சி விலாசம் வாங்குனேன். சத்தியமங்கலம்.

அங்க போயிட்டுத்தான் இப்ப வர்றேன். காலைல பத்து மணிக்கெல்லாம் போயிட்டேன். வீட்டுல அவங்கம்மா, "கடையில இருக்கா, பஸ் ஸ்டாண்டு பக்கம்"னாங்க. ஒரு ஜெராக்ஸ் கடை, உள்ள ரெண்டு கம்ப்யூட்டரு. ஜாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, அதெல்லாம் ஆன்லைன்ல போட்டுக் குடுக்கறாங்க. எனக்கு முன்னாடி நாலு பேரு. நானும் வரிசையில நின்னேன். என்னைப் பாத்துட்டா. "உக்காருங்க அக்கா, இவங்களை முடிச்சுட்டு வர்றேன்"னா.

ஆபீஸ்ல மேடம்னுதான் கூப்பிடுவா. அக்கான்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்பறம் பாத்தா கடைக்கு வர்ற பொம்பளைங்க எல்லாரையும் அக்கான்னுதான் கூப்பிடறா.

ஒரு பெரியம்மாவுக்கு ஏதோ பென்சன் ஃபாரம் போட்டுட்டு இருந்தா. "ஆயிருச்சா கண்ணு, போகட்டுமா?"ன்னு அந்தம்மா எந்திரிச்சுட்டாங்க. "இருங்க அக்கா, ரசீது வரட்டும்"னு கையைப் பிடிச்சு உக்கார வெச்சா. வர்ற வரைக்கும் விடல. வந்ததும் பிரிண்ட் எடுத்து, மடிச்சு, அந்தம்மா சுருக்குப்பையில அவளே வெச்சு விட்டா. நாலு பேருக்கும் அப்படித்தான்.

முடிச்சுட்டு வந்தா. பக்கத்து டீக்கடையில நின்னோம். மெயிலைப் போன்ல காட்டுனேன். படிச்சா. எனக்கு வேலை போன கதையையும் சொன்னேன். "அய்யோ"ன்னா. அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்டேனான்னு பாக்கறீங்களா? ஏனுங்க, அங்க வரைக்கும் போனேனில்ல? பஸ் புடிச்சு, வரிசையில நின்னு? வேலையே போயிருக்குதில்ல? இதுக்கு மேல அந்த ஒரு வார்த்தையில என்ன இருக்குது? சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். "சாப்பிட்டயா?"ன்னு வந்துருச்சு.

"சாப்பிட்டேன் அக்கா"ன்னா.

அப்பறம் நான்தான் கேட்டேன். "மீட்டிங்ல நீ ஏன் வாயைத் திறக்கல? டிக்கெட் போட்டிருந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுருக்குமில்ல?" கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டேன் போல, டீக்கடைக்காரரு திரும்பிப் பாத்தாரு.

நஸ்ரின் டம்ளரைக் கீழ வெச்சா. "நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்"னா.

எனக்கு ஞாபகம் இல்லன்னு சொன்னேன். சத்தியமா மறந்து போச்சுன்னு சொன்னேன். தலையாட்டுனா. நம்புனாளா இல்லையான்னு தெரியல.

"சரி, நான் மறந்துட்டேன். நீ ஞாபகப்படுத்தியிருக்கலாமில்ல? திங்கட்கெழமையே சொல்லியிருக்கலாமில்ல?"

"வந்தேன் அக்கா. ரெண்டு தடவை வந்து நின்னேன். உங்ககிட்டப் பேசப் பயமா இருக்கும்."

பயமாம்! என்னைப் பாத்து! எனக்குப் பொசுக்குன்னு ஆயிருச்சுங்க. நான் என்ன புலியா, சிங்கமா? அஞ்சு பேருக்கு லீடா இருந்தேன், ஒருத்தரை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசுனதில்ல. கண்ணுன்னுதான் கூப்பிடுவேன். பேச வந்தவங்களை நான் எப்பவாவது பேச விடாம இருந்திருக்கேனா?

ஸ்டெல்லா சிஸ்டர் விசாரிச்சதைச் சொன்னேன். விலாசம் கெடச்சதும் நான் போன் பண்ணுனப்ப சொன்னாங்க, சென்டர்ல சைட்டைப் பாத்துக்க ஒரு ஆள் வேணுமாம், வயசானவங்களுக்குப் போன்ல சொல்லிக் குடுக்கவும். நான் அவங்ககிட்டப் பேசி ஏற்பாடு பண்ணி வெக்கறேன்னேன். நல்லதுக்குத்தானே சொல்றேன்? உடனே, "வேண்டாம் அக்கா. நம்பர் மட்டும் குடுங்க, நானே பேசிக்கறேன்"னுட்டா. குடுத்தேன். கடையில ரெண்டு பேரு வந்து நின்னாங்க. "வர்றேன் அக்கா, பாத்துப் போங்க"ன்னுட்டுப் போயிட்டா. செடி என் வீட்டுல இருக்குதுன்னு சொல்லணும்னு நெனச்சுட்டே போனேன், அதையும் சொல்லல.

அவ்வளவுதாங்க. இப்ப நீங்களே சொல்லுங்க, இதுல நான் வேற என்ன பண்ணியிருக்க முடியும்? சர்வர்காரன் சரி பாக்கச் சொன்னான், ஒத்துக்கறேன். டிக்கெட்டை மூடுனேன், ஒத்துக்கறேன். மீட்டிங்ல பேரைச் சொன்னேன், ஒத்துக்கறேன். அதையெல்லாம் ஊரறிய மெயில் போட்டு ஒத்துக்கிட்டாச்சு. அதுக்கு மேலயும் என்னைப் பாத்துப் பயமா இருக்குதுன்னா, அது அவ சுபாவங்க, நான் என்ன...

எங்க எந்திரிக்கறீங்க? கால் மரத்துப் போச்சா? நீட்டிக்குங்க, நான் ஒதுங்கிக்கறேன். கண்டக்டரு கெடக்கறாரு, அவரு விசில் அடிச்சுட்டேதான் இருப்பாரு. நீங்க சொல்லுங்க. அரை மணி நேரமாப் பக்கத்துல உக்காந்து பேசிட்டு வர்றோம். என்னைப் பாத்தா பயப்படற மாதிரியா இருக்குது?

என்னங்க? சத்தமாச் சொல்லுங்க, காத்துல கேக்கல.

அன்னூரா? அன்னூரு தாண்டியாச்சேங்க! கால் மணி நேரம் ஆகியிருக்கும். அங்கயா எறங்கணும் நீங்க? அடக் கடவுளே, அப்ப ஏனுங்க சொல்லல?

சொல்ல வந்தீங்களா? எப்ப?

...ரெண்டு தடவையா?

கண்டக்டரே! ஏனுங்க கண்டக்டரே, வண்டிய நிறுத்துங்க! ஸ்டாப் இல்லைன்னா என்ன, ஒரு பொம்பளை அன்னூர்ல எறங்க வேண்டியவங்க, இங்க வரைக்கும் வந்துட்டாங்க. நிறுத்துங்கன்னா நிறுத்துங்க! ஆமா, நானுந்தான் எறங்கறேன். அவங்களைத் தனியா ரோட்டுல விட்டுட்டா போவாங்க?

வாங்க. எதுத்தாப்புல நின்னா சத்தி வண்டி வரும், கைகாட்டி நான் ஏத்தி விடறேன். இல்லீங்க, உங்க மேல ஒண்ணும் இல்ல. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்தான், ஆனா... இல்லீங்க. எப்படிச் சொல்லுவீங்க. நான் எங்க விட்டேன்.

தப்பு என்னுதுதானுங்க. மன்னிச்சுக்குங்க. படி உயரமா இருக்குது, மொள்ளமா எறங்குங்க.